மேனேஜருக்குப் பல் உடைந்த விடுமுறை

1

சென்ற வாரம் வேலையிடத்தில் எனக்கு ஒரு சின்ன விழா எடுத்தார்கள். ஜெர்மனியின் தெற்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் நான் நர்ஸ். சேர்ந்து பதினைந்து வருடம் ஆனதற்காக ஒரு பூங்கொத்து, ஒரு கேக். கேக்கின் மேல் ‘திருமதி ஆரோக்கியசாமி’ என்று க்ரீமில் எழுதியிருந்தார்கள், நடுவில் ஒரு எழுத்தை விட்டுவிட்டு. ஆரோக்கியசாமி என் அப்பாவின் பெயர். பாஸ்போர்ட்டில் கடைசியில் அது இருப்பதால் இங்கே எல்லோருக்கும் நான் திருமதி ஆரோக்கியசாமிதான். கடலூரில் அப்படி யாராவது கூப்பிட்டிருந்தால் என் அம்மாதான் திரும்பிப் பார்த்திருப்பாள். வந்த புதிதில் இதை நகராட்சி அலுவலகத்தில் சொல்லித் திருத்தப் பார்த்தேன். ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு அனுப்பினார்கள். கடைசி மேசையில் இருந்த அம்மாள், "உங்களுக்கு அப்பாவைப் பிடிக்காதா?" என்று அக்கறையாகக் கேட்டாள். அன்றோடு விட்டுவிட்டேன்.

கேக்கை வெட்டியதும் எங்கள் மேலாளர் என்னைப் பற்றி நாலு வார்த்தை பேசினார். பொறுப்பானவர், நேரம் தவறாதவர் என்றெல்லாம் சொல்லிவிட்டு, "ஒரே ஒரு தடவைதான் லீவை நீட்டிக் கேட்டார். போன ஆகஸ்ட்டில் இந்தியாவிலிருந்து போன் செய்து, ராத்திரி குடித்ததில் தலை கிறுகிறுக்கிறது, நிலைமை ரொம்ப மோசம், அப்பாவும் அழுகிறார் என்றார்" என்று முடித்தார். கூடம் முழுக்க ஒரே சிரிப்பு. ஊன்றுகோலைத் தரையில் தட்டிச் சிரித்த பெரியவர்களும் உண்டு.

நான் குடிப்பவள் இல்லை. அதை விளக்க எழுந்து நின்றேன். ஜெர்மன் மொழியில் எனக்குக் கோபம் வந்தால் வினைச்சொல் வராது. அது வந்து சேர்வதற்குள் எல்லோரும் கேக்குத் தட்டோடு உட்கார்ந்துவிட்டார்கள். நடந்ததை ஊரில் இருக்கிற உங்களுக்காவது ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன்.

2

அப்பா கடலூர் துறைமுகத்தில் ஐஸ் கம்பெனியில் ஃபோர்மேனாக இருந்தவர். இப்போது திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் பழைய வீட்டின் கீழ்த்தளத்தில் இருக்கிறார். மாடியில் என் தம்பி ஜெரோமும் அவன் குடும்பமும். அம்மா இறந்த வருடம் ஒரு வெள்ளைப் பூனை எங்கிருந்தோ வந்து அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்தது. இறக்கிவிட்டாலும் திரும்ப ஏறி, காலை மடித்துக்கொண்டு, அரைக்கண்ணால் அவரைப் பார்த்தது. ஐஸ் கம்பெனி மேனேஜர் இப்படித்தான் உட்காருவார் என்று அப்பா அதற்கு மேனேஜர் என்று பெயர் வைத்தார். அதன் பிறகு என்னோடு வாட்ஸப்பில் அவர் பேசுவதெல்லாம் மேனேஜர் பற்றித்தான். "எப்படிப்பா இருக்கீங்க?" என்று கேட்டால், "மேனேஜருக்கு இன்னிக்கு நெத்திலி புடிக்கல" என்பார். பிரஷர் மாத்திரை போட்டாரா என்று தெரிந்துகொள்ள நான் தம்பிக்குத் தனியாகப் போன் செய்ய வேண்டும்.

போன ஆகஸ்ட்டில் விடுமுறைக்கு நானும் என் மகள் எலினாவும் போயிருந்தோம். கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. எலினாவுக்குப் பதினைந்து வயது. தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்லுவாள். வீட்டில் தமிழ்தான் பேச வேண்டும் என்று நான் சட்டம் போட்டதிலிருந்து வீட்டில் பேசுவதையே குறைத்துவிட்டாள். எனக்கு வேலை தொடங்கிய பிறகும் அவளுக்குப் பள்ளி விடுமுறை இரண்டு வாரம் மிச்சம் இருக்கும். அந்த இரண்டு வாரமும் தாத்தாவோடு இரு என்று ஒவ்வொரு வருடமும் கெஞ்சுவேன். முடியாது என்பதை மட்டும் சுத்தமான தமிழில் சொல்லுவாள்.

அப்பா அவளை எலி என்று கூப்பிடுவார். அதன் அர்த்தம் தெரிந்த அன்று அவள் சாப்பிடவில்லை. அந்தத் தடவையும் போய் இறங்கியதும் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மின்விசிறிக்குக் கீழே படுத்துவிட்டாள். அப்பா ஒரு மூலையில், அவள் ஒரு மூலையில். நடுவில் மேனேஜர்.

3

மேனேஜரின் பல் உடைந்ததை யாரும் பார்க்கவில்லை. பின்கட்டில் அணிலைத் துரத்தித் தண்ணீர்த் தொட்டிச் சுவரிலிருந்து தாவி, துவைக்கிற கல்லில் முகம் மோத விழுந்திருக்க வேண்டும். மோவாயில் ரத்தத்தோடு வந்து நாற்காலியில் ஏறிக்கொண்டது. அப்பா துண்டால் துடைத்துவிட்டார். தம்பி, "ஒண்ணும் இல்லப்பா, உதடு கிழிஞ்சிருக்கும். பூனைக்கு அதுவா ஆறிடும்" என்றான். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இரண்டொரு நாளில் வாயிலிருந்து எச்சில் வடிந்தது. மீன் துண்டை எடுக்கும், தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து மெல்லும், பிறகு கீழே போட்டுவிட்டு முன்னங்காலால் முகத்தைத் தேய்க்கும். எலினாதான் ஹெட்போனைக் கழற்றிவிட்டு எழுந்து வந்து, அதன் மேலுதட்டை மெல்லத் தூக்கிப் பார்த்தாள். இடப்பக்கக் கோரைப்பல் பாதியில் முறிந்திருந்தது. முறிந்த இடத்தின் நடுவில் சிவப்பாக ஒரு புள்ளி.

"பல்லு திறந்து இருக்கு," என்றாள். அவளுடைய தமிழ் அப்படி. "அதுக்கு ரொம்ப வலிக்கும்."

"வலிச்சா கத்தாதா?" என்றார் அப்பா.

"பூனை காட்டாது."

இது அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். ஜெர்மனியில் பள்ளிப் பிள்ளைகள் எங்காவது ஓர் இடத்தில் சில நாள் வேலை பழக வேண்டும். எலினா ஒரு விலங்கு மருத்துவமனையில் கூண்டு கழுவப் போனாள். வங்கியில் போய்ப் பழகியிருக்கலாமே என்று அப்போது நான் சண்டை போட்டேன்.

மறுநாள் காலை மீன் ஏற்றும் பிளாஸ்டிக் கிரேட் இரண்டை ஒன்றன் மேல் ஒன்று கவிழ்த்துக் கட்டி, அதற்குள் மேனேஜரை வைத்து, அருகிலிருந்த கால்நடை மருத்துவமனைக்குப் போனோம். எங்களுக்கு முன்னால் ஆடுகள், ஒரு கன்றுக்குட்டி. சீட்டு எழுதுகிறவர் நிமிராமலே கேட்டார்.

"மாடா, ஆடா?"

"பூனைங்க," என்றார் அப்பா.

"பூனைக்குத் தனி நோட்டு. அது பீரோவுல இருக்கு. சாவி வச்சிருக்கறவரு டீ குடிக்கப் போயிருக்காரு."

டீ முடிந்தது, நோட்டு வந்தது.

"பேரு?"

"மேனேஜர்."

"உங்க வேலைய கேக்கலைங்க. பூனை பேரு இன்னா?"

"அதாங்க பேரு."

அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். நான் ஜெர்மனியில் கழித்த காலத்தில் பாதி இப்படித்தான், ஏதோ ஒரு மேசைக்கு முன்னால், பெயரை விளக்கிக்கொண்டு போயிருக்கிறது. லீவு எடுத்துக்கொண்டு இவ்வளவு தூரம் வந்து, பூனைக்காகவும் அதையே செய்ய வேண்டுமா என்று இருந்தது.

டாக்டர் நல்ல மனிதர். வாயைத் திறந்து பார்த்தவுடனே சொல்லிவிட்டார். "பல்லுக்குள்ள இருக்குற நரம்பு வெளிய வந்துடுச்சும்மா. மருந்து குடுத்தா சீழு புடிக்காம கொஞ்சம் தாங்கும், அவ்ளோதான். மயக்கம் குடுத்து, எக்ஸ்ரே பாத்து, வேரோட எடுக்கணும். நம்மகிட்ட அந்த வசதி இல்ல. சிதம்பரத்துல ஒரு டாக்டரம்மா நாய், பூனைக்கெல்லாம் பல்லு பாக்குறாங்க, அங்க போங்க." ஊசி போட்டு, மாத்திரை எழுதிக் கொடுத்தார். சிதம்பரத்துக்குப் போன் செய்தால் சனிக்கிழமைதான் நேரம் கிடைத்தது. ஞாயிறு இரவு எங்களுக்குச் சென்னையில் விமானம்.

4

சனிக்கிழமைக்கு முந்தைய நாள்தான் சண்டை வந்தது.

மேனேஜர் நாற்காலிக்கு அடியில் போய்ப் பதுங்கிக்கொண்டது. கூப்பிட்டால் வரவில்லை. அப்பாவும் அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சாப்பிடாமல் கிடந்தார். தம்பிக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. மாடிக்குப் போய், அவன் பிள்ளைக்குக் காய்ச்சலுக்கு வாங்கி வைத்திருந்த பாராசிட்டமால் சிரப்பை ஸ்பூனில் ஊற்றிக்கொண்டு வந்தான். குழந்தைக்கே கொடுக்கிற மருந்து. நான் நர்ஸ், ஒரு நாளில் எத்தனை பேருக்கு அதைக் கொடுக்கிறேன். எனக்குக்கூடத் தப்பாகத் தோன்றவில்லை. பூனையைப் பிடித்துக்கொள்ள நானே குனிந்தேன்.

"நைன்," என்று எலினா ஜெர்மனில் கத்தினாள், கூடாது என்று. அவள் கத்தி நான் கேட்டு வருடக்கணக்காகிறது. ஓடி வந்து தம்பியின் கையைத் தட்டிவிட்டாள். சிரப் அவன் சட்டையெல்லாம் சிந்தி, ஸ்பூன் கட்டிலுக்கு அடியில் போய் விழுந்தது. அவள் ஜெர்மனில் படபடவென்று பேசினாள். அவசரத்தில் தமிழ் கிடைக்கவில்லை. "விஷம், விஷம்" என்ற ஒரு சொல்தான் கிடைத்தது.

தாய்மாமன் கையைத் தட்டிவிட்டு விஷம் என்று சொன்னால் அது எப்படிக் கேட்கும்.

"நான் விஷம் வக்கிறேனா?" என்றான் ஜெரோம். "அக்கா, கேட்டுக்கினியா? அப்பாவுக்கு ஜுரம்னா ராத்திரியெல்லாம் நான்தான் முழிச்சுக்கினு இருக்கேன். இந்தப் பூனைக்கு மீன் வாங்கியாறதும் நான்தான். வருஷத்துக்கு ஒரு தபா வர்றவுங்க எனக்கு வந்து சொல்லித் தருவீங்களா?"

"அவ அப்படிச் சொல்லலடா. பூனைக்கு அது ஆகாதுன்னு சொல்றா."

"நீ நர்ஸ்தானே? உனக்குத் தெரியுமா அது?"

எனக்குத் தெரியாது. மனிதர்களுக்கு எது ஆகாது என்றுதான் தெரியும். நான் பேசாமல் நின்றேன். அதற்கு இரண்டு பேருமே என்மேல் கோபப்பட்டார்கள். தம்பி மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். எலினா நாற்காலிக்கு அடியில் கையை நீட்டியபடியே தரையில் படுத்துக்கொண்டாள். அப்பா அவளுக்கு ஒரு தலையணையைத் தள்ளிவிட்டார். இந்த வீட்டில் எல்லோருக்கும் நடுவில் நின்று மொழிபெயர்க்க வேண்டியவள் நான்தான், எனக்கோ இரண்டு மொழியும் சரியான நேரத்தில் கைகொடுக்காது.

5

சிதம்பரத்துக்குத் தம்பிதான் தன் ஆம்னி வேனில் கூட்டிப்போனான். ஆலப்பாக்கம் தாண்டியும் பேசவில்லை, புதுச்சத்திரம் தாண்டியும் பேசவில்லை. மேனேஜர் மட்டும் கிரேட்டுக்குள்ளிருந்து அவ்வப்போது முனகியது.

தெற்கு வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் அந்தச் சிறிய கிளினிக் இருந்தது. டாக்டரம்மாவுக்கு முப்பது வயது இருக்கலாம். களைத்த முகம், நிதானமான பேச்சு. பூனையின் வாயைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"வலிக்குதுன்னு வீட்ல எதனா குடுத்தீங்களா? பாராசிட்டமால் எதுவும் குடுக்கலியே?"

ஜெரோம் கிரேட் கட்டிய கயிற்றைச் சுருட்டத் தொடங்கினான்.

"இல்ல," என்றாள் எலினா.

"நல்லதாப் போச்சு. பூனை ஒடம்புக்கு அத முறிக்கிற சக்தி கெடையாது. கொஞ்சம் குடுத்தாலே ரத்தம் கெட்டுடும். காலையில கொண்டாருவாங்க, ஈறெல்லாம் நீலமா இருக்கும். நிறைய பேரு அன்புலதான் குடுக்குறாங்க."

ஜெரோம் மெதுவாக வெளியே போனான். கொஞ்ச நேரத்தில் ஓர் இளநீரோடு திரும்பி வந்தான். யாரையும் பார்க்காமல் எலினாவிடம் நீட்டி, "இந்தா எலி, காலையிலேருந்து ஒண்ணும் சாப்புடல நீ" என்றான். அவள் வாங்கிக்கொண்டு, "தேங்க்ஸ் மாமா" என்றாள். எங்கள் வீட்டில் மன்னிப்பு கேட்பது இவ்வளவுதான். அது இவளுக்கு எப்படிப் புரிந்தது என்று தெரியவில்லை.

அடுத்த சிக்கல் அப்பா. பூனைக்கு வயதாகிவிட்டது, மயக்க மருந்தில் கொஞ்சம் ஆபத்து இருக்கிறது என்று சொல்லி, சம்மதத்துக்குக் கையெழுத்து கேட்டார்கள். அப்பா பேனாவை வாங்கவே இல்லை.

"வாணாம்மா. ஊட்டுக்குப் போலாம்."

"அப்பா, இவ்ளோ தூரம் வந்துட்டு."

"உங்கம்மாவுக்கும் இதேதான் சொன்னாங்க. சின்ன ஆபரேஷன், சாயங்காலம் கூட்டிக்கினு போலாம்னாங்க. நான்தான் கையெழுத்துப் போட்டேன்."

அம்மா இறந்தபோது நான் ஜெர்மனியில் இருந்தேன். விமானம் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது அடக்கத்துக்குக் காத்திருந்தார்கள். அந்தக் கையெழுத்தைப் பற்றி இத்தனை வருடமாக அவர் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. வாட்ஸப்பில் நெத்திலியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

எலினா அவருக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்தாள்.

"தாத்தா. மேனேஜர் சொல்ல மாட்டான், வலிக்குதுன்னு. நீ எடுக்கலன்னா, தினம் வலிக்கும். அவன் சொல்லாம இருப்பான். நீயும் சொல்லாம இருக்க."

மரியாதை இல்லாத தமிழ்தான். தாத்தாவை நீ என்கிறாள், பூனையை அவன் என்கிறாள். வீட்டில் என்றால் திருத்தியிருப்பேன். அப்பா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவள் தோளைப் பிடித்து எழுந்து, மேசைக்குப் போய்க் கையெழுத்துப் போட்டார்.

ஆபரேஷன் முடிய வெகுநேரம் ஆனது. அப்பா ஜெபமாலையை உருட்டிக்கொண்டு சந்திலேயே நின்றார். டாக்டரம்மா வெளியே வந்து பல்லை ஒரு சின்ன டப்பாவில் காட்டினார். வெளியே தெரிந்ததைப்போல இரண்டு மடங்கு வேர். "பல்லு இல்லாம நல்லாவே இருப்பான். ஆனா தானா சாப்புட ஆரம்பிக்கணும். பூனை பட்டினி கெடந்தா ஈரல் கெட்டுடும். செவ்வாய்க்கெழமை வரைக்கும் பாருங்க. சாப்புடலன்னா கொண்டாந்துடுங்க, கழுத்துல குழாய் வச்சுதான் குடுக்கணும்."

6

ஞாயிறு காலை வரை மேனேஜர் எதையும் தொடவில்லை. ஊசியில்லாத சிரிஞ்சில் மீன் வேகவைத்த தண்ணீரை எலினா கடைவாயில் சொட்டுச் சொட்டாக விட்டாள். பாதி அவள் சட்டையில் வழிந்தது. அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவரை அப்படி விட்டுவிட்டு அன்று இரவு விமானம் ஏற என்னால் முடியவில்லை. மேலாளருக்குப் போன் செய்தேன்.

ஜெர்மனில் ஆண் பூனைக்குக் காட்டர் என்று பெயர். எலினாவிடம் கேட்டிருக்கலாம், அவள் கையில் சிரிஞ்சு இருந்தது. எனக்குத் தெரிந்த வரையில் சொன்னேன். "எனக்கு ஒரு காட்டர் இருக்கிறது. மிகவும் மோசம். அப்பாவும் அழுகிறார். இரண்டு நாள் கழித்து வரலாமா?"

மேலாளர் மிகவும் அன்பாக, "நிறையத் தண்ணீர் குடியுங்கள், உப்பு போட்ட எதையாவது சாப்பிடுங்கள்" என்றார். பூனையைப் பற்றிச் சொல்கிறார் என்று நினைத்து, "மீன் தண்ணீர் கொடுக்கிறோம், விழுங்க மாட்டேன் என்கிறது" என்றேன். லீவு கிடைத்துவிட்டது. குடித்த மறுநாள் வருகிற தலைவலிக்கும் அதே காட்டர்தான் பெயர் என்று எலினா பிறகுதான் சொன்னாள். சொல்லிவிட்டு, வந்த நாளிலிருந்து முதல் தடவையாக என் தோளில் சாய்ந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த இரண்டு நாளில் அவள் தன் அப்பாவுக்குப் போன் செய்து, என்னைக் கேட்காமலே தன் டிக்கெட்டை மட்டும் இரண்டு வாரம் தள்ளிப்போட வைத்துவிட்டாள். "உன்னய யாரு டிக்கெட்ட மாத்த சொன்னா?" என்றேன். "நீதானே எல்லா வருஷமும் கேட்ட, இரு இருன்னு," என்றாள். வேண்டும் என்று கேட்டது கிடைத்துவிட்டது, கிடைத்த விதம்தான் எரிச்சலாக இருந்தது. நான் கெஞ்சியதற்கு இல்லாத மதிப்பு ஒரு பூனையின் கோரைப்பல்லுக்கு இருந்தது.

செவ்வாய் மத்தியானம் சென்னைக்குக் கார் வந்தது. நான் ஊரைவிட்டுக் கிளம்புகிற சடங்கு உங்களுக்குத் தெரியும். தம்பி பெண்டாட்டி கண்ணைக் கசக்குவாள், அப்பா நெற்றியில் சிலுவை போடுவார், தம்பி பெட்டியை வாங்கிக்கொண்டு போவான், எதிர்வீட்டு அம்மாள்கூடக் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். சென்னை போகும் வரை நான் அழுதுகொண்டே போவேன். அதற்குத் தயாராகப் புடவை மாற்றிக்கொண்டு, கைக்குட்டையை எடுத்து வைத்துக்கொண்டு, கூடத்துக்கு வந்தேன்.

எல்லோரும் தரையில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். வட்டத்துக்கு நடுவில், தட்டில் மசித்து வைத்த மீனை மேனேஜர் மோந்து பார்த்துக்கொண்டிருந்தது. முதலில் நாக்கால் தொட்டது. அப்புறம் ஒரு வாய் எடுத்தது. தலையை ஒரு பக்கமாகச் சாய்க்காமல், நேராக வைத்து மென்றது.

"அப்பா, கார் வந்துடுச்சு," என்றேன்.

"கொஞ்சம் மெதுவா பேசும்மா," என்றார் அப்பா, திரும்பாமலே. "பயந்துக்கப் போறான்."

இன்னொரு வாய் எடுத்தது. ஜெரோம் வாயைப் பொத்திக்கொண்டு சத்தமில்லாமல் சிரித்தான். எலினா அப்பாவின் முழங்கை மேல் கை வைத்திருந்தாள். அப்பாவின் கன்னத்தில் கண்ணீர் ஓடியது, அதைத் துடைக்கக்கூட அவர் அசையவில்லை. வெளியே டிரைவர் ஹாரன் அடித்தான்.

"ம்மா," என்றாள் எலினா, கண்ணைப் பூனையிலிருந்து எடுக்காமல். "அந்தாள ஹாரன் அடிக்க வாணாம்னு சொல்லு."

நான் போய்ச் சொன்னேன். திரும்பி வந்து, பெட்டியை நானே தூக்கிக்கொண்டு போய், டிக்கியில் வைத்து, ஏறிக் கதவைச் சத்தம் வராமல் சாத்திக்கொண்டேன்.